பதனீர் ஒழுகிய வீட்டுவண்டி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் மேலத்தெரு புஷ்பலீலா. போன வருஷம் தபசு காலத்து நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, கோயில் அசன விருந்துக்காக நாங்கள் பத்துப் பதினைந்து பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். எல்லார் கண்ணிலும் தண்ணீர் வழிய, அவள் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய மகளை இது நடந்த செம்பொட்டல் ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் சொன்னதில் நான் கூட்டினது கொஞ்சம் உண்டு, குறைத்தது ஒன்றுமில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இஞ்ஞாசி என்று ஒரு டிரைவர். முப்பத்தொரு வருஷம் மீன் லாரி ஓட்டி, கைரேகைக்குள் எல்லாம் டீசல் ஏறி, ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் உட்காரப் பிடிக்காமல், ஒரு பழைய டீசல் வண்டியை வாங்கி அதன்மேல் பலகையும் தகரமும் வைத்து ஒரு வீட்டையே கட்டிவிட்டார். இரண்டு பேர் படுக்க மேடை, ஒரு கேஸ் அடுப்பு, துணி காயப்போட ஒரு கொடி, மாதா படம், அதன் முன்னால் எரிகிற சின்ன சிவப்பு பல்ப். என்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே, வண்டிக்குள்ளேயே, ஒரு இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது. அந்த மூடியை ஒட்டித்தான் அவர் மனைவி பிரகாசி உட்காருவாள். சூடு பொறுக்காமல் காலை மடக்கி உட்கார்ந்து, செபமாலை உருட்டிக்கொண்டே, உவரி, மணப்பாடு, புளியம்பட்டி, காமநாயக்கன்பட்டி என்று திருவிழா திருவிழாவாகப் போவாள். போகிற கோயிலில் எல்லாம் ஒரு கை உப்பைச் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கி, துணியில் முடிந்து, வண்டிக்குக் காவலாக வைப்பாள். டிரைவர் பெண்டாட்டிக்கு அதைவிட வேறு என்ன தெரியும்?

அந்த வண்டிக்கு ஒரே ஒரு குறை, ஒழுகும். மூன்று வருஷமாக ஒழுகியது. நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு கறை வைத்துவிட்டுத்தான் கிளம்பும். இஞ்ஞாசி விடுகிற ஆளில்லை. ராத்திரி வண்டிக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைப்பார், காலையில் அதை வெளிச்சத்தில் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி பார்ப்பார். பச்சையாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர், சிவப்பாக இருந்தால் ஸ்டியரிங் ஆயில், நிறமில்லாமல் வாசம் அடித்தால் டீசல். பச்சைக்கு ஹோஸ் மாற்றினார், சிவப்புக்கு சீல் மாற்றினார், டீசல் பைப்புக்கு வாஷர் மாற்றினார், அது எல்லாம் நின்றுபோயிற்று. கறுப்பு மட்டும் நிற்கவில்லை. என்ஜின் ஆயில். மேல்மூடியின் பேக்கிங்கை மாற்றினால் கீழ்ச் சட்டியில் ஒழுகும், கீழ்ச் சட்டியை இறுக்கினால் பின்பக்கம் ஒழுகும், பின்பக்கம் அடைத்தால் திரும்ப மேல்மூடிக்கே வரும். ஆளைப் பார்த்து விளையாடுகிற மாதிரி.

அப்படியிருக்கிற நேரத்தில்தான் ஒரே மகன் ஜெரால்டு மதுரைக்கு அங்கிட்டு வீடு கட்டி முடித்தான். போன் வந்தது.

“அம்மா, சனிக்கிழமை கழிஞ்சு அடுத்த சனிக்கிழமை வீடு மந்திரிப்பு. சாமியார் பத்து மணிக்கு வாராரு. நீங்க முந்தின நாளே வந்துருங்க. ஆனா பஸ்ல வாங்கம்மா. முத்தம் பூரா வெள்ளைக் கல்லு போட்டிருக்கு. அப்பா வண்டி நின்ன எடம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வாடகை வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கு நான் வாங்கின ஏச்சு போதும்.”

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் போனில் காதுக்குள் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். இஞ்ஞாசி டீயைக் கீழே வைத்தார்.

“என் வீடு நிக்கக் கூடாத முத்தத்துல நான் மட்டும் நின்னு என்ன செய்ய? நீ பஸ் ஏறிப் போ, பிரகாசி.”

“நான் மட்டும் போயி?”

“போயி நில்லு. நான் வரல.”

பிரகாசிக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு நிலைவாசலில் கால் வைக்கும்போது, அப்பாவும் அம்மாவும் மகனும் மூன்று பேராக அந்த வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அந்த வண்டி ஒரு சொட்டு விடாமல் அந்த முற்றத்தில் நிற்க வேண்டும். பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் பன்னிரண்டு நாளுக்கும் ஒரு சந்தி இருக்கத் தொடங்கினாள், அதாவது ஒரு வேளைச் சோறு. இஞ்ஞாசி கேட்டதற்குப் பசியில்லை என்றாள்.

ஒழுகல் நின்றால்தான் அந்த முற்றத்தில் ஏறுவது, அதைப் போகிற வழியிலேயே சரிசெய்துவிடுவது என்று இஞ்ஞாசி வண்டியைச் செம்மணல் தேரிக்காட்டுக்குள் திருப்பி, செம்பொட்டல் என்ற ஊரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நாலைந்து பனைமரத்து நிழலில் நிறுத்தினார். அந்த ஊரில் மண் சிவப்பு, சுவர் சிவப்பு, வெள்ளைச் சட்டையும் இரண்டு துவைப்பில் சிவப்பு. முதல் வேலையாக என்ஜினைச் சோப்புத்தூளும் டீசலும் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவித் துடைத்தார். கழுவாத என்ஜினில் ஒழுகல் தெரியாது, ஊர் முழுக்க அழுக்காக இருந்தால் திருடன் எவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ந்தபின் பிரகாசியின் முகப்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து என்ஜின்மேல் எல்லாம் தூவினார். ஈரம் எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து கோடு விழும். பிறகு இருக்கிற போல்ட்டை எல்லாம் இன்னும் ஒரு சுற்று இறுக்கி, அட்டையை விரித்துவிட்டுப் படுத்தார்.

காலையில் அட்டையை எடுத்தபோது கறுப்பு இல்லை. வட்டமாக ஈரம், அதன்மேல் ஆயிரம் எறும்பு, இரண்டு தேனீ.

இஞ்ஞாசி மோந்து பார்த்தார். பிரகாசி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“பதனீங்க,” என்றாள்.

அது ஐப்பசி கடைசி. பனையில் பாளை வர இன்னும் மூன்று நாலு மாதம் கிடக்கிறது. ஆனாலும் என்ஜினின் அடியிலிருந்து, சரியாக நடுவில், ஒன்றன்பின் ஒன்றாக, வெளுத்த சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் கோட்டளவில் அப்படியே நின்றது, ஒரு நூல் குறையவில்லை.

ஊரில் முதலில் வந்தவர் பனையேறி சுயம்பு. பல் குச்சியை வாயில் வைத்தபடி குனிந்து பார்த்தார், எறும்பை ஊதித் தள்ளினார், ருசி பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. கோபப்பட்டார்.

“என்ன அண்ணாச்சி, சுண்ணாம்பு தடவாம விட்டிருக்கீங்க? வெயில் ஏறிச்சுன்னா புளிச்சுக் கள்ளாயிருமே! ஏ பொன்னுகனி, பரண்ல இருந்து ஒரு கலயம் எடுத்துட்டு வாட்டி!”

அவர் மனைவி பொன்னுகனி கலயத்தைக் கொண்டுவந்தாள். சுயம்பு உள்ளே சுண்ணாம்பு தடவி, காலில் திளாப்பை மாட்டிக்கொண்டார். மரம் ஏறும்போது இரண்டு பாதத்தையும் சேர்த்துக் கட்டுகிற நார் வளையம் அது. படுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போகிறவருக்குத் திளாப்பு எதற்கு என்று இஞ்ஞாசி கேட்டார்.

“திளாப்பு இல்லாம இதுவரை ஒரு மரத்துல கலயம் கட்டினது கிடையாது அண்ணாச்சி. இன்னைக்கா மரியாதை கெடணும்?” என்று சொல்லி, வண்டியின் முன் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மல்லாந்தபடி உள்ளே நகர்ந்து கலயத்தைக் கட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவரே வந்து இறக்கினார். அவர் இறக்கக் கலயம் நிரம்பியிருக்கும், அவர் கட்டச் சொட்டு விழத் தொடங்கும்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மழைக்காலத்தில் வீட்டுக்குள் வந்த தவளையை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. முதல் நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் செம்பு கொண்டுவந்தார்கள், மூன்றாம் நாள் பற்றாது என்று குறை சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வந்து ஏதோ காகிதத்தை நனைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு காரணம் இருக்கும்” என்றார். “காரணம் கிடக்கட்டும் சார், ஒரு டம்ளர் குடிங்க” என்றாள் பொன்னுகனி. குடித்தார், இன்னொன்று கேட்டார், அதோடு காரணம் போயிற்று. ஐந்தாம் நாள், இது ஆண்பனையா பெண்பனையா என்று தண்ணீர்த் தொட்டியடியில் பெரிய வழக்கு நடந்தது. உறுமல் சத்தத்தைப் பார்த்தால் ஆண்தான் என்று ஒரு கட்சி. உள்ளுக்குள்ளே அடுப்பும் கொடியும் மாதா படமும் இருக்கிறதே, வீட்டைச் சுமக்கிறது எங்கேயாவது ஆணாக இருக்குமா என்று பெண்கள் கட்சி. பெண்கள் கட்சி ஜெயித்தது. மறுநாள் காலையில் யாரோ ஸ்டியரிங்கில் ஒரு முழம் பூச்சுற்றி வைத்திருந்தார்கள்.

தெற்குத் தெருவில் ஐந்து மாசக்காரி ஒருத்தி, எதைத் தின்றாலும் வாந்தி எடுக்கிறவள், பதனீர் பதனீர் என்று கேட்டு, இந்த மாதத்தில் எங்கே போக என்று மாமியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு முதல் செம்பு போயிற்று. குடித்துவிட்டு அந்தப் பிள்ளை பிரகாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தே, லேசா டீசல் ஏப்பம் வருது, ஆனா வயிறு குளுந்துட்டு” என்றது. மிச்சத்தைப் பொன்னுகனி காய்ச்சினாள். சுக்கு தட்டிப்போட்டு, சிரட்டையில் ஊற்றி, மழைக்காலத்துக் கருப்பட்டி என்று ஊரே மோந்து மோந்து பார்த்தது.

பிரகாசிக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. யாரும் அவளை விருந்தாளி மாதிரி நடத்தவில்லை. தண்ணீர் வந்தால் கூப்பிட்டார்கள், மீன் வந்தால் கூப்பிட்டார்கள். ஆனால் நாளை எண்ணிக்கொண்டேதான் இருந்தாள். வீடு மந்திரிப்புக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

இஞ்ஞாசிக்குத்தான் முகம் கறுத்தது.

“பிரகாசி, ஊரு சிரிக்குது.”

“யாரும் சிரிக்கலீங்க. குடிக்கிறாங்க.”

“பதனீ ஒழுகினாலும் ஒழுகல் ஒழுகல்தான். வெள்ளைக் கல்லுல எறும்பு மொய்ச்சா ஒம் மகன் என்ன சொல்லுவான்? முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு ஒரு ஒழுகலை நிறுத்தத் துப்பில்லன்னு சொல்லுவான். சொல்ல மாட்டான். நினைப்பான். அது அதைவிட மோசம்.”

சொல்லிவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். பவுடர் ஒரே இடத்தில் என்று இல்லை, எல்லா இடத்திலும் நனைந்திருந்தது. பேக்கிங் வைத்த இடத்தில் எல்லாம், சீல் இருந்த இடத்தில் எல்லாம், உள்ளிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி, பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. அவர் மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார்.

சாயங்காலக் கலயத்தை இறக்க வந்த சுயம்பு பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது.”

“சொல்லும்வே.”

“நீரு சொட்டு விழுற எடத்தையே பாக்கீரு. நாங்க கலயத்தைப் பாக்க மாட்டோம், பாளையைப் பாப்போம். பாளை மேல இருக்கும். அதுவும் சும்மா இருந்தா ஒரு சொட்டு தராது. வெடிச்சு விரிய விடாம நாரை வச்சு இறுக்கிக் கட்டணும். கட்டினா உள்ள இருக்கிறது போக வழியில்லாம அங்கன இங்கன கசிஞ்சு, சீவின எடத்துல சொட்டும். இந்த வண்டியில எங்கயோ எதையோ இறுக்கிக் கட்டிருக்கு. நல்லா யோசிச்சுப் பாரும்.”

“நான் எதையும் கட்டலவே,” என்றார் இஞ்ஞாசி.

வண்டிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்த பிரகாசியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் கட்டியிருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், உவரியில் மந்திரித்த முதல் உப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரும்பு மூடியைத் திறந்து பார்த்தபோது, என்ஜினின் தலையிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் கிளம்பி, எதிலும் சேராமல், சும்மா வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. ஆண்டவரே எனக்காகச் செய்துவைத்த பொந்து என்று நினைத்து, உப்பு முடிச்சை அதற்குள் தள்ளி, விழாமல் நூலால் வாயை இறுக்கிக் கட்டி, மேலே ஒரு துணிப்பட்டையும் சுற்றினாள். அடுத்த திருவிழாவுக்கு நூலை அவிழ்த்து, பழையதை உள்ளே தள்ளிவிட்டுப் புதியதை வைத்தாள். மேலே சுற்றிய துணிப்பட்டையைப் பார்த்து, வெப்பத்துக்கு யாரோ மெக்கானிக் சுற்றியது என்று இஞ்ஞாசி நினைத்திருப்பார், கேட்டதே இல்லை. வண்டி ஒழுக ஆரம்பித்ததும் மூன்று வருஷத்துக்கு முன்னால்தான். இரண்டையும் சேர்த்து அவள் இதுவரை நினைத்ததில்லை. நினைத்தபின் நினையாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்றைக்கு அவள் செபமாலையை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் பாதி தாண்டாமல் இரண்டாம் தேவரகசியத்திலேயே விட்டாள். சொல்லாமல், அவர் இல்லாத நேரம் எடுத்துப்போட்டுவிடலாம். தானாக நின்றது என்று ஆகும். ஆனால் தானாக நின்ற ஒழுகலைப் பார்த்தால் அந்த மனிதர், நாளைக்குத் தானாக ஒழுகுமே என்று, வெள்ளைக் கல்லில் வண்டியை ஏற்ற மாட்டார். சொன்னாலோ, மூன்று வருஷம் அவர் முதுகு தேய மண்ணில் படுத்ததும், வாடகை வீட்டுக்காரர் முன்னால் தலை குனிந்ததும், மகனோடு முகம் முறிந்ததும், எல்லாம் அவள் கை செய்த வேலை என்று ஆகும். இதில் ஊருக்கும் பதனீர் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலையில் சுயம்பு கலயம் இறக்க, பெண்கள் செம்போடு நிற்க, இஞ்ஞாசி சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் போகக் குனிந்தார்.

“ஏங்க, போகாதீங்க,” என்றாள் பிரகாசி. “கோளாறு கீழ இல்ல. எங்கிட்ட இருக்கு.”

அவள் மூடியைத் திறந்தாள். துணிப்பட்டையையும் நூலையும் அவிழ்த்தாள். குழாய்க்குள் விரலை விட்டு, ஆயிலில் ஊறிக் கறுத்து இறுகின ஒரு முடிச்சை வெளியே எடுத்து, மூடியின்மேல் வைத்தாள்.

“இது காமநாயக்கன்பட்டி மாதா,” என்றாள்.

கூட்டத்தில் நின்ற ஒருத்தி, கோயில் பழக்கத்தில், தன்னை அறியாமல், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றாள்.

பிரகாசி ஒரு கொறடை வாங்கி அடுத்ததை இழுத்தாள். “இது புளியம்பட்டி அந்தோணியார்.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” இந்தத் தடவை நாலு பேர்.

“இது மணப்பாட்டுச் சிலுவை.” “இது வேளாங்கண்ணி.” “இது திரும்பவும் அந்தோணியார்.” ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. கறுப்பு, மேலும் கறுப்பு, கல்லு மாதிரி. சுயம்புவும் பொன்னுகனியும் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள், அவர்களும் சேர்ந்து சொன்னார்கள். பதினோராவது முடிச்சு, உவரி, வெளியே வந்ததும் அந்தக் குழாய் புஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சு விட்டது. அடியில் விழவிருந்த ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தொங்கி, உள்ளேயே போய்விட்டது.

இஞ்ஞாசி அந்தப் பதினோரு முடிச்சையும் பார்த்தார். குழாயைப் பார்த்தார். “மூச்சுக்குழாய்,” என்றார் மெதுவாக. “என்ஜின் மூச்சு விடுற வழி. அதை அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி இருக்கிற இடுக்குல எல்லாம் தள்ளும். ஓட்டக் கத்துக்கிட்ட முதல் வாரத்துல சொல்லிக் குடுத்தது. நான் மேல கைவச்சே பாக்கல.”

“ஏசிருங்க,” என்றாள் பிரகாசி. “எல்லார் முன்னாடியும் ஏசிருங்க.”

அவர் ஏசவில்லை. ஒரு முடிச்சை எடுத்து நிறுத்துப் பார்க்கிற மாதிரி கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பிரகாசி பயந்தாள். சிரிப்பு.

“ஏட்டி, மூணு வருஷம், பதினோரு புனிதர்களையும் புகைக்குள்ள போட்டு அடைச்சு வச்சிருக்கியே! அவங்க என்ன பாவம் செஞ்சாங்க?”

ஊரே சிரித்தது. சுயம்பு மட்டும் கையில் கலயத்தை வைத்துக்கொண்டு குனிந்து அடியைப் பார்த்தார்.

“பருவம் முடிஞ்சிட்டு,” என்றார்.

“உங்க ஊருக்குக் கிடைச்ச பதனீய நான் கெடுத்துட்டேன்,” என்றாள் பிரகாசி.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மைனி. எந்த மரமும் ஒருநாள் நிக்கும். மாசி பிறந்தா எங்க மரம் தரப்போவுது.” 

மந்திரித்த உப்பைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. பெண்கள் முடிச்சுகளை அவிழ்த்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி, அந்த நாலைந்து பனையின் தூரில் போட்டார்கள். பொன்னுகனி கடைசிக் கலயத்தைக் காய்ச்சி ஒரே ஒரு பெரிய கருப்பட்டியாக ஊற்றி, ஓலைக்கொட்டானில் வைத்துக் கொடுத்தாள். இஞ்ஞாசி என்ஜினை ஒரு மணி நேரம் ஓடவிட்டார். அட்டை காய்ந்து கிடந்தது. புதிதாகத் தூவின பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

சனிக்கிழமை காலையில் அந்த வண்டி வெள்ளைக் கல் முற்றத்தில் ஏறி நின்றது. ஜெரால்டு முகம் வெளிறி, கையில் நாலு சாக்கோடு ஓடிவந்தான். இஞ்ஞாசி இறங்கி, “சாக்கை வச்சிரு. குனிஞ்சு பாரு” என்றார். வேட்டி கசங்க அவன் முட்டி போட்டுப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். கையை உள்ளே விட்டுத் தடவியும் பார்த்தான். கை வெள்ளையாகவே வந்தது.

“கோளாறு எங்க இருந்துச்சுப்பா? மூணு வருஷமா அகப்படாதது?”

பிரகாசி கருப்பட்டிக் கொட்டானை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். இஞ்ஞாசி அவளைப் பார்க்கவேயில்லை.

“மூச்சுக்குழாய் அடைச்சிருந்துச்சு. தூசி,” என்றார். “எடுத்துவிட்டாச்சு.”

சாமியார் தீர்த்தச் செம்போடு நிலைவாசலில் கால் வைத்தபோது மூன்று பேரும் நின்றார்கள். வீட்டைத் தெளித்து முடித்த சாமியார் வெளியே வந்து, இது யார் வண்டி என்று கேட்டார்.

“இதுவும் வீடுதான் சாமி,” என்றான் ஜெரால்டு. “இதையும் மந்திரிச்சிருங்க.”

புஷ்பலீலா சொன்னது இதுவரைக்கும்தான். மாசியில் செம்பொட்டலில் முதல் பதனீர் இறங்கியபோது, அந்த நாலைந்து மரத்துப் பதனீரில் மட்டும் குடித்து முடித்தபின் லேசாக டீசல் ஏப்பம் வந்ததாக அவள் மகள் சொல்லியிருக்கிறாள், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. சுயம்பு மட்டும் அந்தக் கலயத்தைப் பரணுக்கு ஏற்ற மனமில்லாமல், வண்டி நின்ற அதே இடத்தில் இரண்டு கல்லின்மேல் வாய் மேலே பார்க்க வைத்திருக்கிறாராம், வண்டி திரும்ப வந்தால் தேட வேண்டாமே என்று. மழைத்தண்ணீர் நின்றால் சுண்ணாம்பு கரைந்து கலயம் வீணாகும். நீங்கள் அந்தப் பக்கம் போனால், வானம் இருட்டியிருந்தால், அதைக் கொஞ்சம் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள்.